எலும்பு ஒட்டோடு டிபி மருந்தையும் உள்ளேயே வைத்தால்? முதுகெலும்புக் காசநோய் அறுவை பற்றி ஒரு சந்தேகம்

தேன்மொழி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் எலும்பியல் முதுநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் ஒரு முதுகெலும்பு டிபி அறுவையில் உதவிக்கு நின்றேன். முன்பக்கமாக உள்ளே போய், அரித்துப்போன இரண்டு முள்ளெலும்புகளைச் சுரண்டி, சீழையும் செத்த எலும்புத் துண்டுகளையும் எடுத்தோம். பிறகு நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே ஒரு துண்டு வெட்டி அந்த இடைவெளியில் ஒட்டாகப் பொருத்தினோம். மூடுவதற்கு முன்னால் ஒரு கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டிபி மருந்துப் பொடியை உள்ளே தூவினார்கள். ஏன் என்று கேட்டேன். "எங்கள் ஆசிரியர் போடுவார், நாங்களும் போடுகிறோம்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் மனதுக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பொடி ஓரிரு நாளில் கரைந்து ரத்தத்தோடு போய்விடும். மருந்தோ மாதக்கணக்கில் வேலை செய்ய வேண்டிய நோய் இது. அப்படியானால் ஒட்டு எலும்பிலேயோ, அதைச் சுற்றி நிரப்பும் செயற்கை எலும்புத் துகளிலேயோ, மாத்திரையாகக் கொடுக்கும் டிபி மருந்துகளான ஐசோநயசிட், ரிஃபாம்பிசினை ஏற்றி, வாரக்கணக்கில் மெதுவாகக் கசியும்படி செய்தால் என்ன? இதைப் பற்றி நிறைய ஆய்வகக் கட்டுரைகள் கண்ணில் படுகின்றன. ஆனால் அறுவை அரங்கில் யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆய்வேட்டுக்கு இதையே எடுக்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

அறுவை_ஆசான்

நல்ல கேள்வி தேன்மொழி. "ஆசிரியர் போடுவார்" என்ற பதிலில் திருப்தி அடையாமல் இங்கே வந்தீர்களே, அதற்கே பாராட்டு.

மருந்துக்குப் போகும் முன் எலும்பு ஒட்டு எதற்காக வந்தது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலர் இதை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். ஆங்கிலேய அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779இல் கூனையும் கால் செயலிழப்பையும் சேர்த்து விவரித்தபோது கிருமியே தெரியாது. அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ஹிப்ஸும் ஆல்பீயும் 1911இல் பின்பக்கமாக எலும்பை ஒட்டவைக்கத் தொடங்கியபோது கிருமி தெரியும், மருந்து கிடையாது. நோயுற்ற பகுதி அசையாமல் இருந்தால் ஆறும் என்ற நம்பிக்கையில்தான் அதைச் செய்தார்கள். ஒட்டு என்பது அன்றைக்கு ஓய்வு கொடுக்கும் கருவி. ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில் வந்தது, ஐசோநயசிட் 1952இல். அந்தத் தைரியத்தில்தான் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சனும் ஸ்டாக்கும் முன்பக்கமாகவே உள்ளே போய், நோயை முழுக்க எடுத்துவிட்டு, இடைவெளியில் எலும்பை முட்டுக் கொடுத்தார்கள். 1956இல் அதை வெளியிட்டார்கள்.

அப்புறம்தான் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் சோதனைகள் வந்தன. கொரியா, ஹாங்காங், ஜிம்பாப்வேயின் புலவாயோ, சென்னை என்று பல இடங்களில் நடந்தவை. சில குழுக்களை 15 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்திருக்கிறார்கள். அவை சொன்னது நம் துறையையே புரட்டிப்போட்டது. மாத்திரை மட்டும் சாப்பிட்டு, கட்டிலில் கிடக்காமல், மாவுக்கட்டும் இல்லாமல் நடமாடிய நோயாளிகளில் பெரும்பாலானோருக்கு நோய் ஆறிவிட்டது. அறுவையோடு ஒட்டு வைத்த ஹாங்காங் குழுவுக்குக் கிடைத்த கூடுதல் நன்மை, எலும்பு சீக்கிரம் கூடியதும் கூன் குறைவாக இருந்ததும்தான். கிருமியைக் கொல்வதில் கத்திக்குத் தனிப் பெருமை எதுவும் கிடைக்கவில்லை.

அவர்களில் யாருடைய சிகிச்சையும் மருந்தூறிய எலும்பை நம்பி நடக்கவில்லை. அதனால் "உள்ளே மருந்து வைத்தால் நன்றாக ஆறும்" என்று யார் சொன்னாலும், ஏற்கெனவே நன்றாக ஆறும் ஒன்றைவிட எவ்வளவு நன்றாக என்று காட்ட வேண்டும். அந்தக் கோடு மிக உயரத்தில் இருக்கிறது.

ஒட்டு தோற்பதற்கான காரணங்களையும் பாருங்கள். ராஜசேகரனும் சவுந்தரபாண்டியனும் 1989இல் எழுதியது இன்றும் நான் மாணவர்களுக்குச் சொல்லும் பாடம். ஒட்டின் நீளம் இரண்டு டிஸ்க் இடைவெளிக்கு மேல் போனால் அது நழுவுவதும் உடைவதும் உள்ளிறங்குவதும் கரைவதும் அதிகம். அதில் பெரும்பகுதி பாரம் சம்பந்தப்பட்டது. இன்று நாம் ஸ்க்ரூவும் ராடும் கேஜும் (உலோகக் கூண்டு) போடுவது அதற்காகத்தான். எனக்கு இதில் பெரிய எதிர்பார்ப்பு இல்லை என்பதை மறைக்கவில்லை.

---

மருந்துப்பொடி

மருந்தை மெதுவாக வெளியிடும் ஊடகங்கள்தான் என் வேலை, எலும்பு சம்பந்தப்பட்டவை உட்பட. ஆசான் சார் சொன்ன வரலாற்றில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அந்தச் சோதனைகளில் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினார்கள். நான் பேச விரும்புவது கூடையின் ஒரு மூலையில் இருப்பவர்களைப் பற்றி.

கணக்கைப் பாருங்கள். ஐசோநயசிட் 300 மில்லிகிராம் விழுங்கினால் ரத்தத்தில் உச்சம் ஒரு மில்லிலிட்டருக்கு 3 முதல் 6 மைக்ரோகிராம். சாதாரண டிபி கிருமியை அடக்க 0.2க்கும் குறைவாகவே போதும். ரிஃபாம்பிசின் 600 மில்லிகிராமுக்கு உச்சம் 8 முதல் 24. அதில் சுமார் 80 சதவீதம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது என்றாலும் மிச்சம் இருப்பது போதும். ஆக ரத்தத்தில் பஞ்சம் இல்லை. பஞ்சம் வழியில் இருக்கிறது.

நாள்பட்ட நோயில் கிருமி அரித்த குழியைச் சுற்றி எலும்பு இறுகி ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. சிடியில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியுமே, அதுதான். அதற்குள் ரத்தக் குழாய்கள் குறைவு. உள்ளே தயிர் போலத் திரண்ட சீழ், அதில் குழாயே கிடையாது. அறுவையின்போது திசுவை எடுத்து அளந்து பார்த்தவர்கள் இந்தச் சுவருக்கு வெளியே நல்ல அளவு மருந்தும் உள்ளே மிகக் குறைவாகவும் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். சுவர் இல்லாத நோயாளிக்கு மாத்திரை போய்ச் சேர்கிறது. சுவர் உள்ளவருக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது. உள்ளிருந்து கொடுக்கும் மருந்து யாருக்கு என்று கேட்டால் இவருக்குத்தான்.

---

அறுவை_ஆசான்

> சுவர் உள்ளவருக்கு வாசலிலேயே நின்றுவிடுகிறது

சரி, ஆனால் அந்த நோயாளியை நான் திறந்துவிட்டேனே. சுவரை உளியாலும் டிரில்லாலும் ரத்தம் கசியும் எலும்பு வரும்வரை எடுத்துவிடுவேன். வாசலை இடித்த பிறகு மாத்திரை உள்ளே போகத் தடை என்ன?

---

மருந்துப்பொடி

தடை இல்லை சார். ஆனால் அதற்கு விலை உண்டு, அதை நீங்களே மேலே சொல்லிவிட்டீர்கள். சுவரை முழுக்க எடுத்தால் குழி பெரிதாகும். குழி பெரிதானால் ஒட்டு நீளமாகும். நீளமான ஒட்டுதான் நழுவுகிறது. ஒரு பக்கம் 4, 5 மில்லிமீட்டர் இறுகிய எலும்பை விட்டுவைக்க முடிந்தால், ஸ்க்ரூ பிடிக்க நல்ல எலும்பு மிஞ்சும், ஒட்டு உட்காரத் திண்ணமான மேடை கிடைக்கும். அதற்குள் பதுங்கியிருக்கும் கிருமிக்குப் பக்கத்திலேயே மருந்தை வைத்தால் அந்த விட்டுவைப்பு பாதுகாப்பானதாக ஆகலாம். இந்த ஓர் இடத்தில்தான் உள்ளூர் மருந்து, அதாவது குழிக்குள்ளேயே வைக்கும் மருந்து, அறுவையின் வடிவத்தையே மாற்றக்கூடும் என்று நினைக்கிறேன்.

---

அறுவை_ஆசான்

இதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. இறுகிய எலும்பின் மேல் உட்கார்ந்த ஒட்டு உள்ளே இறங்காது, உண்மை. ஆனால் அதே எலும்பில் ரத்தம் இல்லாததால் ஒட்டு அதோடு கூடவும் தாமதமாகும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைக் கை சொல்ல வேண்டியிருக்கிறது. யோசிக்கிறேன்.

---

நடக்கிறேன்

மன்னிக்கவும், நான் மருத்துவர் இல்லை. எனக்கு இதே நோய் வந்து அறுவை செய்துகொண்டவன். கால்கள் மரத்துப்போய் படுக்கையில் இருந்தேன், இப்போது நடக்கிறேன். அதனால் இந்தப் பெயர்.

பன்னிரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனபோது முதல் நாள் பயந்தே போனேன், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் கல்லீரல் பரிசோதனை எகிறி எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அந்த நாட்களில் "உள்ளே கிருமி மறுபடி பெருகிவிடுமோ" என்று தூக்கமே இல்லை. உள்ளேயே மருந்து வைத்திருந்தால் அந்த மூன்று வாரத்தை அது காப்பாற்றியிருக்குமா? மாத்திரையின் காலத்தைக் குறைத்திருக்குமா?

---

தேன்மொழி

நடக்கிறேன் அண்ணா, நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் முக்கியம். ஆரஞ்சு நிறத்தை இனி நான் ஒவ்வொரு நோயாளியிடமும் முதல் நாளே சொல்வேன்.

---

அறுவை_ஆசான்

நடக்கிறேன் அவர்களே, கேட்டதில் மன்னிப்புக்கு என்ன இருக்கிறது. நேராகவே சொல்கிறேன்.

மாத்திரையின் காலத்தை அது குறைக்காது. முதுகெலும்பில் இருக்கும் நோய் அங்கேயே பிறந்ததல்ல. பெரும்பாலும் நுரையீரல் வழியாக வந்து ரத்தத்தில் பரவி எலும்பில் குடியேறியது. அதே ரத்தம் வேறு இடங்களிலும் விதைத்திருக்கலாம். தொடாத இன்னொரு முள்ளெலும்பில் சின்னதாக ஓர் அரிப்பு இருப்பதை எம்ஆர்ஐயில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒரு குழிக்குள் வைத்த மருந்து அங்கெல்லாம் போகாது. எலும்பு டிபிக்கு 9 முதல் 12 மாதம் என்று பல வழிகாட்டிகள் சொல்கின்றன. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, பிறகு குறைத்து.

உங்கள் மூன்று வார இடைவெளியைப் பற்றிய கேள்வி வேறு. அந்த நேரத்தில் குழிக்குள் மருந்து கசிந்துகொண்டிருந்தால் ஓரளவு பாதுகாப்பு இருந்திருக்கும் என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் அதை நம்பி யாரும் மாத்திரையைத் தள்ளிப்போட நான் விடமாட்டேன். நீங்கள் நடக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதுமான நல்ல செய்தி.

---

மயக்கவியல்காரன்

தேன்மொழி முதல் பதிவில் சொன்ன பொடி விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அரங்கில் அதன் விளைவைக் கையாள்வது நான்.

ஸ்ட்ரெப்டோமைசின், அதே வகையைச் சேர்ந்த அமிகாசின் இரண்டும் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் சமிக்ஞையைத் தடுக்கக்கூடியவை. மயக்கத்தில் தசை தளர்த்தி கொடுத்திருப்போம். பச்சைக் காயத்தில், நெஞ்சறைக்குள், ஒரு கிராம் பொடி விழுந்தால் வேகமாக உறிஞ்சப்படும். அறுவை முடிந்து நோயாளியை எழுப்பும்போது மூச்சு பலமாக வரவில்லை என்றால் பட்டியலில் இதையும் வைக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: உள்ளே என்ன போட்டாலும் போடுவதற்கு முன் எங்களிடம் சொல்லுங்கள். ஒருமுறை எனக்குச் சொல்லாமல் போட்டார்கள். நோயாளியைக் கூடுதலாக இரண்டு மணி நேரம் வென்டிலேட்டரில் வைத்திருக்க வேண்டியதாயிற்று. நோயறிக்கையிலும் எழுதப்படவில்லை.

ஐசோநயசிட் பற்றியும் ஒன்று. அது அதிக அளவில் மூளைக்குப் போனால் வலிப்பு வரும். பி6 வைட்டமினைப் பயன்படுத்தும் வழியை அது அடைப்பதால் மூளையை அமைதிப்படுத்தும் காபா குறைகிறது. முதுகெலும்பின் முன்பகுதியைச் சுத்தம் செய்துவிட்டால் தண்டுவட உறைக்கும் உங்கள் மருந்துக்கும் நடுவில் சில மில்லிமீட்டர்தான். உறையில் சின்னக் கிழிசல் இருந்தால் அதுவும் இல்லை. எத்தனை மில்லிகிராம் வைக்கிறோம், முதல் நாளில் எவ்வளவு வெளியே வரும் என்று தெரியாமல் அங்கே வைக்கக் கூடாது. நோயாளி ஏற்கெனவே 300 விழுங்கிக்கொண்டிருக்கிறார் என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஐசோநயசிட்டை மெதுவாகக் கழிக்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு அதன் அரை ஆயுள் (ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் நேரம்) மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

---

தேன்மொழி

மயக்கவியல் சார், இது எனக்குத் தெரியாது. நன்றி. அன்றைக்கு எங்கள் அறையிலும் யாரும் மயக்க மருத்துவரிடம் சொல்லவில்லை என்றுதான் நினைவு.

மருந்துப்பொடி அவர்களே, "முதல் நாளில் எவ்வளவு வெளியே வரும்" என்பதற்கு உங்களிடம் பதில் உண்டா? எந்த ஊடகம் நல்லது?

---

மருந்துப்பொடி

இதில் கொஞ்சம் நீளமாக எழுத அனுமதியுங்கள். என் மனம் இங்கேதான் இருக்கிறது.

முதலில் இரண்டு மருந்துகளின் குணம். ஐசோநயசிட் மிகச் சின்ன மூலக்கூறு, எடை 137. தண்ணீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் கரையும். எதில் ஏற்றினாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய மாதிரிதான். முதல் ஓரிரு நாளில் பெரும்பகுதி கொட்டிவிடும். ரிஃபாம்பிசின் நேர் எதிர். எடை 823, தண்ணீரில் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் கரையும், எலும்பின் தாதுப்பரப்பிலும் நன்றாக ஒட்டும். அது மெதுவாக, வாரக்கணக்கில் வரும். இயல்பாகவே மெதுவாகக் கசிய ஏற்றது ரிஃபாம்பிசின். ஐசோநயசிட்டை அப்படிக் கசியவைக்க அதைப் பாலிமருக்குள் அடைத்துப் போராட வேண்டும்.

ஊடகங்களில் எலும்பு சிமென்ட்டை டிபிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். இறுகும்போது சூடாகும், கரையாது, உள்ளே போட்ட மருந்தில் சிறு பங்குதான் வெளியே வரும். எல்லாவற்றுக்கும் மேல், ரிஃபாம்பிசின் அந்தச் சிமென்ட் இறுகும் வேதிவினையையே கெடுத்துவிடும். கலந்து பார்த்தால் புட்டு மாதிரி உதிரும். இதைத் தெரியாமல் அரங்கில் கலந்து கையைப் பிசைந்தவர்கள் உண்டு.

கால்சியம் சல்பேட், அதாவது சுத்திகரித்த பாரிஸ் சாந்து வகை, சூடு அதிகமில்லாமல் இறுகும், ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் கரையும், கரையக் கரைய மருந்தும் வரும். டிபியின் தீவிரக் கட்டமான முதல் இரண்டு மாதத்தோடு அந்தக் காலம் பொருந்துவது எனக்குப் பிடித்திருக்கிறது. கால்சியம் பாஸ்பேட், எலும்பின் தாது வகையான ஹைட்ராக்சிஅபடைட் ஆகியவை மெதுவாகக் கரையும், சில பல வருடம் அப்படியே இருக்கும், எலும்பு அவற்றின் மேல் நன்றாக ஏறும். நுண்துளைகள் நிறைந்த உயிர்க்கண்ணாடி, முப்பரிமாண அச்சில் எடுத்த கூடுகள் என்று ஆய்வகங்கள் இப்போது ஓடும் திசை இதுதான். துளை சின்னதாக ஆக மருந்து மெதுவாக வரும்.

உடலுக்குள் கரையும் பிஎல்ஜிஏ பாலிமர் உருண்டைகள் எல்லோருக்கும் பிடித்தவை. ஆனால் ஒரு பொறி இருக்கிறது, கட்டுரைகளில் அதிகம் பேசப்படாதது. அந்தப் பாலிமர் கரையும்போது லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் வரும். அமிலச் சூழலில் ரிஃபாம்பிசின் சிதையும், அதே இடத்தில் ஐசோநயசிட்டும் இருந்தால் சிதைவு இன்னும் வேகமாகும், இரண்டும் வினைபுரிந்து வீணாகும். ஒரே உருண்டைக்குள் இரண்டையும் அடைத்துவிட்டு "இரட்டை மருந்து" என்று பெருமைப்படுவதற்கு முன், வெளியே வருவது மருந்துதானா அல்லது சிதைந்த மிச்சமா என்று குரோமடோகிராஃபி (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) வைத்துப் பார்க்க வேண்டும். நிறத்தை மட்டும் அளந்தால் ஏமாறுவோம். நான் இப்போது இரண்டையும் தனித்தனி அறைகளில்தான் வைக்கிறேன்.

---

அறுவை_ஆசான்

கால்சியம் சல்பேட் பற்றி ஓர் அனுபவம். டிபியில் இல்லை, வேறொரு எலும்புச் சீழில். கரையும்போது காயத்திலிருந்து நீர்த்த வெண்ணிறக் கசிவு வாரக்கணக்கில் வந்தது. சீழில்லை, கிருமியும் வளரவில்லை. ஆனால் டிபி நோயாளிக்கு அப்படி ஒன்று வந்தால் குடும்பமும் பயப்படும், நாமும் "புரையோடிவிட்டதோ" என்று மறுபடி திறக்கத் துடிப்போம். முன்பே சொல்லிவைக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்று, ஹைட்ராக்சிஅபடைட் எக்ஸ்ரேயில் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும். ஒட்டு கூடிவிட்டதா இல்லையா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிடி வேண்டும், அதிலும் கவனம் வேண்டும்.

---

செல்வளர்ப்பு

எலும்புச் செல்களை வளர்த்து மருந்து ஊற்றிப் பார்க்கிற ஆய்வகத்தில் இருக்கிறேன். இவ்வளவு நேரம் யாரும் ஒட்டின் பக்கம் நின்று பேசவில்லை, அதனால் நான் பேசுகிறேன்.

தேன்மொழி கேட்ட மூலக் கேள்வி "ஒட்டு எலும்பிலேயே மருந்தை ஏற்றலாமா". நோயாளியின் சொந்த இடுப்பெலும்பு உயிருள்ள செல்களோடு வருகிறது. அதுதான் அதன் மதிப்பே. அதைச் செறிந்த மருந்துக் கரைசலில் ஊறவைத்தால் முதலில் சாவது அந்தச் செல்கள். பல நுண்ணுயிர்க்கொல்லிகளை எலும்பு உருவாக்கும் செல்கள் மேல் வரிசையாகச் சோதித்த ஆய்வுகளில் ரிஃபாம்பிசின் மோசமானவற்றின் பக்கம் நிற்கிறது. அமிகாசின், டோப்ராமைசின், வான்கோமைசின் ஆகியவை மென்மையான பக்கம். எங்கள் தட்டுகளிலும் அதையே பார்க்கிறேன். கிருமிக்குத் தேவையான அளவைப் போலப் பத்து மடங்கில் செல்கள் தாங்கிக்கொள்கின்றன. ஊறவைத்த முதல் நாளின் வெள்ளத்தில், ஆயிரம் மடங்கு இருக்கும்போது, படம் வேறாகிவிடுகிறது. செல்கள் உருண்டு தட்டிலிருந்து கழன்று மிதப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கொடையாளர் எலும்பு அப்படியல்ல. பதப்படுத்தும்போதே அதில் செல் கிடையாது. அது வெறும் சாரக்கட்டு. அதைப் பஞ்சு போல மருந்தில் ஊறவைத்து மூட்டு மாற்று அறுவைத் தொற்றுகளில் ஐரோப்பாவில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள், பெரும்பாலும் வான்கோமைசின், டோப்ராமைசினோடு. அந்த யோசனையை டிபிக்குக் கொண்டுவரலாம். அங்கும் எலும்பைச் சுற்றி வரும் புதுச் செல்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்தான்.

ஆகவே என் கருத்து இது. பாரம் தாங்குகிற எலும்பு வேறாக இருக்கட்டும், மருந்து சுமக்கிற பொருள் வேறாக இருக்கட்டும். நடுவில் உயிருள்ள சொந்த எலும்பு, மருந்து படாமல். அதைச் சுற்றிய குழியின் ஓரங்களில், இறுகிய சுவரை ஒட்டி, மருந்தேற்றிய துகள்.

---

அறுவை_ஆசான்

செல்வளர்ப்பு, இதை அரங்கில் செய்ய முடியும். முட்டுக்கொடுத்த துண்டின் இரு முனைகளும் முள்ளெலும்போடு சேரும் முகத்தில் துகள் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கேஜ் வைத்தால் அதற்குள் சொந்த எலும்பு, வெளியே துகள்.

கேஜ் என்றதும் பலர் கேட்பார்கள் என்பதால்: டிபியில் உலோகம் வைக்கலாமா என்ற பயம் ஒருகாலத்தில் பெரிதாக இருந்தது. 1993இல் ஓகாவும் சகாக்களும், பிறகு மற்றவர்களும், டிபி கிருமி உலோகத்தில் மற்றக் கிருமிகள் போல வழுவழுப்பான படலம் கட்டிக் குடியிருப்பது குறைவு என்று காட்டிய பிறகு அது குறைந்தது. மூட்டு மாற்றுத் தொற்றில் உள்ளூர் மருந்துக்கான பெரிய வாதமே அந்தப் படலம்தான். டிபியில் அந்த வாதம் பலமில்லை. அங்கிருந்து இங்கே அப்படியே நகலெடுக்கக் கூடாது.

---

மருந்துப்பொடி

ஏற்கிறேன். எனக்கு இருக்கிற உண்மையான பயம் வேறொன்று. எதிர்ப்புக் கிருமி.

அறுவை நாளன்று நமக்குக் கிருமியின் முழு ஜாதகம் தெரியாது. திசுவை ஜீன் எக்ஸ்பெர்ட்டில் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) போட்டால் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு சில மணி நேரத்தில் தெரியும். ஆனால் எலும்பில் கிருமி எண்ணிக்கை குறைவு, சில சமயம் எதுவும் வராது. வளர்ப்புச் சோதனைக்கு ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். மாத்திரையை அந்த முடிவு வந்ததும் மாற்றலாம். குழிக்குள் வைத்ததை மாற்ற முடியாது. ஐசோநயசிட் எதிர்ப்பு இன்ஹேஏ என்ற கிருமி மரபணுவின் மாற்றத்தால் வந்ததென்றால் செறிவு அதிகமாக இருந்தால் ஒருவேளை வேலை செய்யும். கேட்ஜி என்ற மரபணுவின் மாற்றம் என்றால் எவ்வளவு கொட்டினாலும் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் அது உருவாக்கும் நொதிதான் ஐசோநயசிட்டையே மருந்தாக மாற்றுகிறது.

மெதுவான கசிவுக்கு ஒரு வால் உண்டு. கடைசி வாரங்களில் வெளியே வருவது கிருமியைக் கொல்லாத அளவு, ஆனால் பழக்கிவிடும் அளவு. மாத்திரை ஒழுங்காகப் போனால் அந்த வால் ஆபத்தில்லை. நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டால், குழிக்குள் தனியாக ஒரு மருந்து, குறைந்த அளவில், வாரக்கணக்கில்... டிபியில் எதிர்ப்பு உருவாக இதைவிட நல்ல வழி இல்லை. அதனால்தான் நான் "மாத்திரைக்குப் பதிலாக" என்ற சொல்லையே இந்த விஷயத்தில் பயன்படுத்த மாட்டேன்.

---

தேன்மொழி

பலமருந்து எதிர்ப்பு டிபிக்கு 2022இல் உலகச் சுகாதார நிறுவனம் ஆறு மாத முறையைக் கொண்டுவந்ததே, எலும்பு டிபிக்கும் அது உண்டா? அப்படியானால் அங்கே உள்ளூர் மருந்தின் இடம் என்ன?

---

அறுவை_ஆசான்

அந்தப் பரிந்துரையில் எலும்பு மூட்டு டிபியை விலக்கி வைத்திருந்தார்கள். எலும்பு நோயாளிகளுக்கு நீண்ட சிகிச்சைதான். மருந்துகள் குறைவாக, நச்சுத்தன்மை அதிகமாக இருக்கும் அவர்களுக்குத்தான் குழிக்குள் வைக்கும் மருந்து அதிகம் தேவைப்படும் என்று தோன்றுகிறது. ஆனால் எந்த மருந்தை வைப்பது என்று கேட்டால் கை நடுங்குகிறது, மருந்துப்பொடி சொன்ன காரணத்துக்காகவே.

உங்கள் ஆய்வேட்டுக்கு வருவோம். நோயாளிகளில் சோதனை என்று போகாதீர்கள். நல்லதைவிட இன்னும் நல்லதைக் காட்ட எத்தனை நூறு பேர் வேண்டும், எத்தனை வருடம் பின்தொடர வேண்டும் என்று யோசியுங்கள். உங்களுக்கு இருப்பது பதினெட்டு மாதம். அதற்குப் பதிலாக ஒரு கேள்வியை மட்டும் எடுங்கள்: சுத்தம் செய்யும்போது எப்படியும் எடுத்துக் கழிவில் போடும் இறுகிய சுவரில், ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்த நோயாளிகளில், மருந்து எவ்வளவு இருக்கிறது? சுவரின் தடிமனை சிடியில் அளந்துவிட்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணெல்லாம் வீண். எத்தனை மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் மருந்து நின்றுவிடுகிறது என்று தெரிந்தால், எந்த நோயாளிக்குத் துகள் வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

---

மருந்துப்பொடி

மாதிரியை எடுத்த உடனே உறையவைத்துவிடுங்கள். கூடவே கொஞ்சம் வைட்டமின் சி சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ரிஃபாம்பிசின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீங்கள் அளப்பதற்கு முன்பே மாறிவிடும். அளக்கும் முறையை நான் தனிமடலில் அனுப்புகிறேன். ரத்த மாதிரியையும் அதே நேரத்தில் எடுங்கள். எலும்பை மட்டும் அளந்து என்ன செய்ய?

---

மயக்கவியல்காரன்

ரத்தம் எடுக்க என்னிடம் சொன்னால் போதும். குழாய் ஏற்கெனவே கையில் இருக்கும், தனியாகக் குத்த வேண்டியதில்லை.

---

நடக்கிறேன்

தேன்மொழி, கழிவில் போகும் எலும்பு என்றால் என்னைப் போன்றவர்கள் யாரும் மறுக்கமாட்டோம். ஆனாலும் கேட்டுவிட்டு எடுங்கள். எதற்காக என்று இங்கே சொன்னது போலவே சொன்னால் புரியும்.

---

தேன்மொழி

கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன் அண்ணா. ஒப்புதல் படிவத்தை எழுதியதும் முதலில் உங்களுக்கு அனுப்புகிறேன், புரிகிறதா என்று படித்துச் சொல்லுங்கள்.

எங்கள் பிரிவில் இன்று பேசினேன். பொடி தூவுவதை நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கு அந்த வயது இல்லை. ஆனால் தூவினால் மயக்க மருத்துவரிடம் முன்னதாகச் சொல்வது, மருந்து, அளவு, நேரம் மூன்றையும் அறுவைக் குறிப்பில் எழுதுவது, திசு மாதிரியைப் பொடி படுவதற்கு முன் எடுத்து ஜீன் எக்ஸ்பெர்ட்டுக்கும் வளர்ப்புக்கும் அனுப்புவது, இந்த மூன்றுக்கும் ஒப்புக்கொண்டார்கள். அடுத்த அறுவை வியாழக்கிழமை. நோயாளி பதினொரு நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். சிடியில் மேல் முள்ளெலும்பின் ஓரத்தில் சுவர் 5 மில்லிமீட்டர் இருக்கிறது.